பின்னத்துக்குள் ஒளிந்திருக்கும் வகுத்தல்: திறனறித் தேர்வு வினாக்களைக் காரணத்தோடு அணுகுதல்

எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் (என்.எம்.எம்.எஸ்.) தெரிவு பெறும் ஒரு மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளில் ரூ.48,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 இலட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் இது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளையைப் படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு எழும்போது இந்தத் தொகைக்கு ஒரு கனம் உண்டு.

மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள், படிப்பறிவுத் தேர்வில் 90 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடங்கள். வினா ஒன்றுக்கு ஒரு நிமிடம்தான். இந்த ஒரு நிமிடக் கணக்குதான் பயிற்சி தரும் ஆசிரியர்களைக் குறுக்குவழிகளின் பக்கம் தள்ளுகிறது. ‘பகுதிகளுக்கு மீ.சி.ம. எடு’, ‘விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். வினா சிறிது திரும்பி நின்றால் இந்தச் சூத்திரங்கள் மாணவரைக் கைவிட்டுவிடுகின்றன.

பின்னம், பகா எண், வகுபடும் தன்மை ஆகிய மூன்றையும் பாடநூலில் தனித்தனியே நடத்துகிறோம். தேர்வு வினாக்களிலோ இவை ஒன்றுக்குள் ஒன்று கலந்தே வருகின்றன. மூன்றையும் இணைக்கும் ஒரே ஒரு கருத்தை மாணவர் மனத்தில் பதித்துவிட்டால் போதும். அது இதுதான்: ஆட்களையும் மரங்களையும் பழங்களையும் எண்ணும்போது விடை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். ஆகவே, எளிய வடிவில் உள்ள ஒரு பின்னத்தால் ஓர் எண்ணிக்கையைப் பெருக்கி முழு எண் கிடைக்கிறது என்றால், அப்பின்னத்தின் பகுதி அந்த எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கிறது. இக்கருத்து வினாக்களில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

1. மொத்தம் சொல்லப்படாத வினா

வினா: ஒரு வகுப்பில் 4/7 பங்கினர் மாணவிகள். அம்மாணவிகளில் 2/3 பங்கினர் மிதிவண்டியில் வருகின்றனர். வகுப்பில் உள்ளோர் எண்ணிக்கை 30-க்கும் 50-க்கும் இடைப்பட்டது எனில், அது எவ்வளவு?
அ) 35  ஆ) 36  இ) 42  ஈ) 49

இத்தகைய வினாவைக் கரும்பலகையில் எழுதியதும் பல மாணவர்கள் சொல்வது, ‘மொத்தம் எத்தனை பேர் என்று கொடுக்கவில்லையே, சார்’ என்பதுதான். அவர்கள் செய்து பழகிய பின்னக் கணக்குகளில் மொத்தம் முதலிலேயே தரப்பட்டிருக்கும். இங்கு மொத்தத்தைப் பின்னங்களே சொல்கின்றன என்பதை உணர்த்த வேண்டும்.

முதல் கேள்வி: ‘7 பேரில் 4 பேர்’ என்று பிரிக்க வகுப்பில் எத்தனை பேர் இருக்கலாம்? 7, 14, 21, 28, 35, 42, 49 என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்வி: அப்போது மாணவிகள் எத்தனை பேர்? 4, 8, 12, 16, 20, 24, 28. மூன்றாவது கேள்வி: இவற்றுள் எவற்றை மூன்று சம பங்காக்கலாம்? 12-ஐயும் 24-ஐயும் மட்டும். அதாவது வகுப்பில் 21 பேர் அல்லது 42 பேர். 30-க்கும் 50-க்கும் இடையில் இருப்பது 42. சரிபார்ப்போம்: மாணவிகள் 24, மிதிவண்டியில் வருவோர் 16.

தவறான விடைகள் ஏன் அங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதையும் பேச வேண்டும். 35-உம் 49-உம் 7-ஐ மட்டும் கவனித்தவர்களுக்காக வைக்கப்பட்டவை. 36 என்பது 3-ஐ மட்டும் கவனித்தவர்களுக்கானது. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாதி எண்ணம் இருக்கிறது என்று தெரிந்தால், மாணவர் விடைகளைப் பார்க்கும் பார்வையே மாறும்.

2. மீ.சி.ம. கைகொடுக்காத இடம்

மேற்கண்ட வினாவில் 7, 3 ஆகியவற்றின் மீ.சி.ம. 21. விடையும் 21-இன் மடங்கு. ‘அப்படியானால் பகுதிகளின் மீ.சி.ம.வை எடுத்தால் போதும்’ என்று மாணவர்கள் முடிவு கட்டும் முன்பே அடுத்த வினாவைத் தருவது நல்லது.

வினா: ஒரு தோப்பிலுள்ள மரங்களில் 3/4 பங்கு தென்னை. அத்தென்னைகளில் 2/3 பங்கு காய்ப்பில் உள்ளன. தோப்பிலுள்ள மரங்களின் எண்ணிக்கை எதுவாக இருக்கலாம்?
அ) 18  ஆ) 20  இ) 30  ஈ) 42

4, 3 ஆகியவற்றின் மீ.சி.ம. 12. தரப்பட்ட விடைகளில் 12-இன் மடங்கு ஒன்றுகூட இல்லை. ‘வினா தவறு’ என்று சிலர் சொல்வார்கள். வேறு சிலர் 3/4 × 2/3 = 1/2 என்று பெருக்கி, ‘இரட்டை எண்ணாக இருந்தால் போதும்’ என்பார்கள். அப்படிப் பார்த்தால் நான்கு விடைகளுமே சரி!

படிப்படியாகச் செல்வோம். தென்னைகளின் எண்ணிக்கை முழு எண்ணாக வேண்டும். ஆகவே மரங்களின் எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். 18, 30, 42 மூன்றும் 4-ஆல் வகுபடாதவை. மீதி 20 மட்டும்: தென்னை 15, காய்ப்பில் உள்ளவை 10. சரியாக வருகிறது.

இங்கு 3 என்ன ஆனது? மரங்களை நான்கு சம பங்காக்கி மூன்று பங்கை எடுக்கிறோம். எடுத்தது மூன்று சம பங்கு என்பதால், அது தானாகவே 3-ஆல் வகுபடும். அதனால் 3 புதிதாக எந்த நிபந்தனையையும் விதிக்கவில்லை. முதல் வினாவில் எடுத்தது நான்கு பங்கு. 4-க்கும் 3-க்கும் பொதுக்காரணி 1 மட்டுமே. அதனால் அங்கே 3 தனி நிபந்தனையாக நின்றது. தொகுதியில் உள்ள எண்ணையும் அடுத்து வரும் பகுதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

மொழியையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். ‘தென்னைகளில் 2/3 பங்கு’ என்பதற்குப் பதில் ‘தோப்பிலுள்ள மரங்களில் 2/3 பங்கு’ என்று இருந்தால், மரங்களின் எண்ணிக்கை 4-ஆலும் 3-ஆலும் வகுபட வேண்டும். அப்போதுதான் 12-இன் மடங்கு. ஒரு சொல் மாறினால் கணக்கு மாறுகிறது. ‘எதில் பங்கு?’ என்று கேட்டு அச்சொல்லின் கீழ் கோடிடச் செய்தால் பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

3. வகுபடும் தன்மை: விதியும் அதன் காரணமும்

‘இலக்கங்களின் கூடுதல் 9-ஆல் வகுபட்டால் எண்ணும் 9-ஆல் வகுபடும்’ என்பதை ஆறாம் வகுப்பு மாணவரும் சொல்வார். ‘ஏன்?’ என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். புளியங்கொட்டைகளைக் கொண்டு இதைக் காட்டலாம். 10 கொட்டைகளை ஒன்பது பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் 1 மிஞ்சும். 100 கொட்டைகளைப் பங்கிட்டாலும் ஆளுக்கு 11 போக 1 மிஞ்சும். ஆயிரத்திலும் 1 மிஞ்சும். ஆகவே 5832-ஐப் பங்கிடும்போது ஐந்து ஆயிரங்களிலிருந்து 5, எட்டு நூறுகளிலிருந்து 8, மூன்று பத்துகளிலிருந்து 3, கடைசியாக 2 என மிஞ்சியவை சேர்ந்து 18. அதை மீண்டும் ஒன்பது பேருக்குப் பங்கிட்டுவிடலாம். மிஞ்சியவற்றின் கூடுதலே இலக்கங்களின் கூடுதல்.

4-இன் விதியும் இதே போன்றதுதான். 100 என்பது 4-ஆல் வகுபடும். அதனால் நூறுகளும் ஆயிரங்களும் மிச்சம் வைப்பதில்லை. கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். 8-க்கு 100 போதாது, 1000 தேவை. எனவே மூன்று இலக்கங்கள். காரணம் தெரிந்த மாணவருக்கு எந்த விதி எந்த எண்ணுக்கு என்ற குழப்பம் வராது. மறந்தாலும் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

வினா: 5□3△ என்ற நான்கிலக்க எண் 36-ஆல் வகுபடும் எனில், □ + △ இன் மதிப்பு என்ன?
அ) 1  ஆ) 8  இ) 9  ஈ) 10

முதலில் 36-ஐ எப்படிப் பிரிப்பது? 6-ஆல் வகுபட்டால் போதும் என்பார் ஒருவர். 3-ஆலும் 12-ஆலும் வகுபட வேண்டும் என்பார் மற்றொருவர். 24-ஐ எடுத்துக் காட்டுங்கள். அது 6-ஆலும் வகுபடும், 3-ஆலும் 12-ஆலும் வகுபடும். ஆனால் 36-ஆல் வகுபடாது. பிரிக்கும் இரண்டு எண்களும் சார்பகா எண்களாக, அதாவது 1-ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாதவையாக இருக்க வேண்டும். ஆகவே 36 = 4 × 9.

9-இன் விதிப்படி 5 + □ + 3 + △ = 8 + □ + △ என்பது 9-இன் மடங்கு. எனவே □ + △ இன் மதிப்பு 1 அல்லது 10. இங்கேயே நின்றுவிடுபவர் 1-ஐயா 10-ஐயா என்று ஊகிக்க வேண்டியதுதான். 4-இன் விதிப்படி 3△ என்பது 32 அல்லது 36; ஆகவே △ = 2 அல்லது 6. இரண்டுமே 1-ஐ விடப் பெரியவை என்பதால் கூடுதல் 1 ஆக இருக்க முடியாது. விடை 10. அந்த எண்கள் 5832, 5436 என இரண்டு உள்ளன. கூடுதல் மட்டும் ஒன்றே. ‘எண் எது?’ என்று கேட்காமல் ‘கூடுதல் என்ன?’ என்று கேட்டதன் காரணம் இப்போது மாணவருக்கு விளங்கும்.

4. பகா எண்: மனப்பாடம் எவ்வளவு தேவை?

12 புளியங்கொட்டைகளைச் செவ்வக வடிவில் அடுக்கினால் 1 × 12, 2 × 6, 3 × 4 என மூன்று வகை. 13 கொட்டைகளை ஒரே வரிசையாகத்தான் வைக்க முடியும். பகா எண் என்பது இதுதான். 1-க்கு இரண்டு காரணிகள் இல்லை. அதனால் அது பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று.

100 வரை உள்ள 25 பகா எண்களையும் மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. 100-க்குள் 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாத பகு எண்கள் மூன்றே மூன்று: 49, 77, 91. இவை 7 × 7, 7 × 11, 7 × 13. அடுத்துப் பெருக்கினால் 7 × 17 = 119, 11 × 11 = 121; இரண்டும் நூறைத் தாண்டிவிடுகின்றன. எனவே 100-க்குள் 1-ஐ விடப் பெரிய ஓர் எண்ணைத் தந்தால், அது 2, 3, 5 ஆகியவற்றுள் ஒன்றா, அல்லது அவற்றால் வகுபடுகிறதா என்று பார்த்து, இந்த மூன்று எண்களையும் விலக்கினால் போதும். மாணவர்கள் அடிக்கடி பகா எண் என்று நினைக்கும் 51, 57, 87 ஆகியவை 3-இன் விதியிலேயே பிடிபட்டுவிடும்.

நூறுக்கு மேல்? 221-ஐ எடுப்போம். 15 × 15 = 225 என்பது 221-ஐ விடப் பெரியது. 221-க்கு இரு காரணிகள் இருந்தால் இரண்டுமே 15 அல்லது அதற்கு மேல் இருக்க முடியாது; ஒன்றாவது 15-க்குள் இருந்தாக வேண்டும். ஆகவே 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றை மட்டும் சோதித்தால் போதும். 13 × 17 = 221. பகு எண்.

பகா எண் பற்றிய சில வினாக்கள் ஒரே வரியில் முடிந்துவிடும். ‘இரு பகா எண்களின் கூடுதல் 45. அவற்றின் பெருக்கற்பலன் என்ன?’ கூடுதல் ஒற்றை எண். ஆகவே ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை. இரட்டைப்படைப் பகா எண் 2 மட்டுமே. மற்றது 43. பெருக்கற்பலன் 86. இதே வினாவில் 45-க்குப் பதில் 51 என்று கொடுத்துப் பாருங்கள். 2 போக 49. அது பகா எண் அன்று. எனவே அப்படி இரு எண்களே இல்லை. ‘இல்லை’ என்பதும் கணிதத்தில் ஒரு விடைதான் என்று அறிய இது நல்ல வாய்ப்பு.

பின்னமும் பகா எண்ணும் சேரும் வினா ஒன்று: □ ஓர் இயல் எண். (□ + 7)/(□ + 2) ஒரு முழு எண் எனில் □ என்ன? தொகுதியில் பகுதியைவிட 5 அதிகம். ஆகவே இப்பின்னம் 1 + 5/(□ + 2). இது முழு எண்ணாக, □ + 2 என்பது 5-ஐ வகுக்க வேண்டும். 5 பகா எண். அதன் காரணிகள் 1, 5 மட்டும். □ + 2 என்பது 1 ஆக முடியாது. எனவே 5. □ = 3. சரிபார்த்தால் 10/5 = 2. எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தவருக்கும் 3 கிடைக்கும். ஆனால் வேறு எண் இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. ‘எத்தனை இயல் எண்கள் உள்ளன?’ என்று வினா மாறினால் அவர் தடுமாறுவார்.

5. முந்திரியும் மூன்றில் ஒன்றும்

நம் முன்னோர் பயன்படுத்திய பின்னப் பெயர்கள் இப்பாடத்துக்கு அருமையான துணை. கால் 1/4, அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எண்சுவடிகளில் பயின்ற இப்பின்னங்களை முந்திரியால் அளந்து பார்க்கச் சொல்லலாம். காணி 4 முந்திரி, மா 16 முந்திரி, மாகாணி 20 முந்திரி. 16-உம் 4-உம் சேர்ந்தால் 20. மாவும் காணியும் சேர்ந்ததே மாகாணி என்பது பெயரிலேயே இருப்பதை மாணவர்கள் கண்டு வியப்பார்கள். கால் என்பது 80 முந்திரி, முக்கால் 240 முந்திரி.

இப்போது கேளுங்கள்: மூன்றில் ஒன்று எத்தனை முந்திரி? 320-இன் இலக்கங்களின் கூடுதல் 5, 3-ஆல் வகுபடாது. 320 = 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 5. இதில் 3 என்ற பகாக் காரணியே இல்லை. ஆகவே எத்தனை முந்திரியைச் சேர்த்தாலும் மூன்றில் ஒன்று சரியாக வராது. முந்திரியை மேலும் 320 கூறாக்கிய கீழ்முந்திரியால் அளந்தாலும் வராது. புதிதாக 3 எங்கிருந்தும் வரவில்லை.

தசம எண்ணிலும் இதே நிலைதான். 10, 100, 1000 ஆகியவற்றின் பகாக் காரணிகள் 2-உம் 5-உம் மட்டுமே. அதனால் 1/3 = 0.333... என்று முடிவின்றிச் செல்கிறது. எளிய வடிவில் பகுதியின் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமாக இருந்தால்தான் முடிவுறு தசமம். ‘எளிய வடிவில்’ என்ற சொல் முக்கியம். 21/60 இன் பகுதியில் 3 இருக்கிறது; ஆனால் சுருக்கினால் 7/20 = 0.35. ஒன்பதாம் வகுப்பில் வரும் இக்கருத்துக்கு எட்டாம் வகுப்பிலேயே அடித்தளம் அமைந்துவிடும்.

6. வகுப்பறையில் செய்யக்கூடியது

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். கொள்குறி வினா ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, நான்கு விடைகளுக்கும் எதிரே ‘ஏன் ஆகாது?’ என்று ஒரு கட்டம் வரையுங்கள். சரியான விடையைக் குறிப்பதற்கு மதிப்பெண் இல்லை. மற்ற மூன்றையும் நீக்குவதற்கான காரணத்தைச் சொன்னால்தான் மதிப்பெண். ‘36 ஆகாது, 7-ஆல் வகுபடாது’ என்பது போல ஒரே வரி போதும். தயங்கும் மாணவரிடம் முதலில் எளிதாக நீக்கக்கூடிய விடையைக் கேட்டால் அவரும் பேசத் தொடங்குவார்.

இரண்டாம் வாரத்தில் வினாவை மாணவர்களே உருவாக்கட்டும். 4/7, 2/3 என்பவற்றை மாற்றிப் புதிய பின்னங்கள் அமைத்து, தவறான விடைகள் மூன்றையும் அவர்களே காரணத்தோடு தெரிவு செய்ய வேண்டும். மற்றவர் எங்கே தவறுவார் என்று யோசித்து வினா அமைப்பவர் அந்த இடத்தில் தாம் கவனமாக இருப்பார்.

‘காரணம் பேசிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடத்தில் எப்படி முடிப்பது?’ என்ற ஐயம் எழலாம். மேலே பார்த்த தோப்பு வினாவை எண்ணிப் பாருங்கள். ‘4-ஆல் வகுபட வேண்டும்’ என்ற ஒரே வரியில் மூன்று விடைகள் விலகிவிட்டன. காரணம் தெரிந்தவருக்கு அந்த வினா பத்து நொடி. தெரியாதவருக்கு மூன்று நிமிடம் போன பிறகும் ஐயம். தேர்வு அறையில் நேரத்தைத் தின்பது ஐயம்தான்.

பயிற்சிக்குச் சில வினாக்கள்

1. ஒரு வியாபாரி தம்மிடம் இருந்த மாம்பழங்களில் 2/5 பங்கை விற்றார். மீதியில் 1/4 பங்கு அழுகிவிட்டது. மாம்பழங்கள் 50-க்கும் 70-க்கும் இடைப்பட்டவை எனில், எத்தனை?
2. 7□2△ என்ற நான்கிலக்க எண் 45-ஆல் வகுபடும். அத்தகைய எண்கள் எத்தனை?
3. இரு பகா எண்களின் கூடுதல் 63. பெருக்கற்பலன் என்ன?
4. □ ஓர் இயல் எண். (□ + 11)/(□ + 4) ஒரு முழு எண் எனில் □ என்ன?
5. 9/24, 14/35, 7/28, 10/24 ஆகியவற்றுள் முடிவுறு தசமம் ஆகாதது எது?

விடைகள்: 1) 60. மீதி 3/5 பங்கு, அதில் 1/4 பங்கு 3/20. எனவே 20-இன் மடங்கு. 2) மூன்று: 7020, 7920, 7425. இறுதி இலக்கம் 0, 5 என இரண்டு நிலைகளையும் பார்க்க வேண்டும். 0 எனில் □ இன் இடத்தில் 0-உம் 9-உம் பொருந்தும். 3) 122. எண்கள் 2, 61. 4) 3. ஏனெனில் 7 பகா எண். 5) 10/24. எளிய வடிவம் 5/12; 12-இல் 3 உள்ளது.

இவ்வினாக்களை மாணவர்களிடம் தரும்போது விடையோடு ஒரு வரிக் காரணத்தையும் கேட்டு வாங்குங்கள். தேர்வில் வரும் வினா இவற்றுள் ஒன்றாக இராது. ஆனால் அந்த ஒரு வரிக் காரணத்தை யோசித்துப் பழகிய மாணவர், தாம் முன்பு பார்த்திராத வினாவிலும் எங்கே தொடங்குவது என்று அறிந்திருப்பார்.